தறி வீட்டு நாய்க்கு எத்தனை முழுக்கு

மாட்டு டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு, எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு ஒரு வாட்டிம்மா இதைக் குளிப்பாட்டுறீங்க?"

அண்ணி தலையை நிமிர்த்தவே இல்ல. "தெனம் சார்."

"தெனமுமா?"

"விடியக்காலையில நான் ஊத்திக்கும்போது அதுக்கும் ஊத்திடுவேன். நாத்தம் தாங்கலன்னா சாயங்காலமும்."

வெளியில எருமை ஒண்ணு விடாம கத்திக்கிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரி முழுக்க பினாயிலும் சாணியும் கலந்த வாசனை. சிமெண்ட் மேடை மேல நாய் நின்னுக்கிட்டே இருந்துச்சு. படுத்தா புண்ணு தரையில ஒட்டிக்கும், அதனால அது படுக்கறதையே விட்டுடுச்சு. முதுகுல முடி இல்ல. தோல் சிவந்து நீர் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"எதைப் போட்டுக் குளிப்பாட்டுறீங்க?"

அண்ணி இதுக்குத் திரும்பி என்னைப் பார்த்தாங்க. பேச வேண்டிய எடம் வந்தா என்னைப் பார்க்கறது எங்க வீட்டுல எல்லாருக்கும் பழகிப்போன ஒண்ணு. நான்தான் சொன்னேன்.

"பட்டு வேகவெச்ச தண்ணிங்க. சவுக்காரமும் சலவைச் சோடாவும் போட்டது."

டாக்டர் நாய் முதுகை மறுபடியும் குனிஞ்சு பார்த்தார். அவர் வெளியூர்க்காரர். இப்படி ஒரு கூத்து நடக்கும்னு அவருக்கு எந்தக் காலேஜ்லயும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க. எங்க ஊர் ஆளுங்களத் தவிர வேற யாருக்கும் இந்த யோசனை வராது.

ஒரு தறி, ரெண்டு ஆளு

அண்ணின்னு நான் சொல்றது என் வீட்டுக்காரரோட அக்காவை. பேரு தனம். பிள்ளையார்பாளையத்துல எங்களுது தறி வீடு. மாமா, அதாவது என் மாமனார், முன்கட்டுல நெய்வார். என் வீட்டுக்காரர் பின்கட்டுல அண்டாவுல பட்டை வேகவெச்சு சாயம் ஏத்துவார். நான் கல்யாணமாகி வந்த புதுசு. சமைக்கறது, நெசவுக்கு ஊடை நூலைக் கட்டையில தார் சுத்திக் குடுக்கறது, அப்புறம் தூது போறது, இதுதான் எனக்கு வேலை. மாமியார் நான் வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க.

தூதுன்னு சும்மா சொல்லல. அண்ணியை தாமல்ல ஒரு தறி வீட்டுக்குத்தான் குடுத்திருந்தாங்க. மாமாவே பார்த்து, பெரியவங்க நடுவுல வாக்குக் குடுத்து முடிச்ச சம்பந்தம். அந்த ஆளு கொஞ்ச வருஷத்துல இன்னொருத்தியைக் கொண்டாந்து வீட்டுல வெச்சுட்டான். ஒரு மத்தியானம் அண்ணி எங்க வாசல்ல வந்து நிக்கறாங்க. பஸ்ஸு இருக்குது, ஆனா நடந்தே வந்திருக்காங்க. கையில ஒரு துணி மூட்டை. பின்னாடியே ஒரு நாய்.

மாமா தறியை விட்டு எழுந்திரிக்கல. "சொல்லாம கொள்ளாம வந்துட்டா, நான் குடுத்த வாக்கு என்னாவறது?" அப்படின்னார்.

"அவ கட்டில்ல படுக்கற வீட்டுல ஒக்காந்து நான் தார் சுத்த மாட்டேன், நைனா."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அப்பாவும் மகளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கல.

இதுல இருக்கற கொடுமை என்னன்னா, ரெண்டு பேரும் ஒரே தறியில உக்காரணும். கரை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்னு எங்க ஊர்ல நெய்யறமே, அந்தக் கோர்வைப் புடவைக்கு ஒரு ஆளு பத்தாது. நெய்யறவர் நடுவுல இருப்பார். கரைக்கு நாடா, அதான் நூலோட குறுக்க ஓடற கட்டை, அதைத் தள்ள இன்னொரு ஆளு பக்கத்துலயே ஒட்டி உக்காரணும். அதுவரைக்கும் கூலிக்கு ஒரு ஆளு வந்துக்கிட்டு இருந்துச்சு. அண்ணி வந்த மறுநாள் அந்த ஆளு வரல, அண்ணி போய் உக்காந்துட்டாங்க. மாமா வேணாம்னும் சொல்லல, வான்னும் சொல்லல. கை மட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். அவர் மிதிச்சா இவங்க தள்ளுவாங்க. ஒரு இழை தப்பாது.

வாயால பேச வேண்டி வந்தா நான்.

"கரை தளருது, இழுத்துப் போடச் சொல்லும்மா." மக ஒரு முழ தூரத்துல உக்காந்திருக்கறா. நான் அடுப்படியில கையெல்லாம் மாவோட நிக்கறேன். ஓடி வந்து, "அண்ணி, கரை தளருதாம்" அப்படிம்பேன். "பாவு நூல்ல முடிச்சு இருக்குதுன்னு சொல்லு" அப்படிம்பாங்க. நான் திரும்பி, "மாமா, பாவுல முடிச்சாம்" அப்படிம்பேன். அவங்க சொன்னது அவருக்குக் காதுல விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொன்னப்புறம்தான் தலையை ஆட்டுவார்.

"உங்க வீட்டுல எனக்கு மருமக வேலையா, தபால்காரர் வேலையா?" அப்படின்னு என் வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழுந்திருக்கேன். அவர் சிரிச்சுட்டுப் போய்டுவார். ஆனா நான் சிரிச்சதில்ல. அண்ணி ராத்திரி சாப்பிட உக்காந்தா, மாமா சாப்பிட்டு எழுந்து போன எலைப் பக்கம் ஒரு வாட்டி பார்த்துட்டுத்தான் சோத்துல கை வைப்பாங்க. அதைப் பார்த்துட்டு எப்படிச் சிரிக்கறது.

குளிக்காத எதுவும் தறிகிட்ட வரக்கூடாது

நாய் கறுப்பு. நெஞ்சுல மட்டும் மஞ்சளா ஒரு கோடு. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு "சரிகை"ன்னு பேரு வெச்சார். அது அண்ணியை விட்டு ஒரு அடி நகராது. அண்ணி தறியில உக்காந்தா அது தறிக்குழிக்குள்ள இறங்கி, அவங்க கால் மேல மோவாயை வெச்சுப் படுத்துக்கும். மேல பட்டு, கீழ நாய்.

முதல் நாளே மாமா தறியை நிறுத்திட்டார். "குளிக்காத எதுவும் தறிகிட்ட வரக்கூடாதுன்னு சொல்லும்மா."

அண்ணி என்கிட்ட கேட்டாங்க: "குளிச்சா வரலாமான்னு கேளு."

மாமா ரொம்ப நேரம் யோசிச்சார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "வரலாம்" அப்படின்னார்.

இந்த வீம்பு எதுக்குன்னு அப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அது அவங்க முப்பாட்டன் காலத்துலேருந்து அம்மனுக்குப் புடவை நெய்யற தறி. குளிக்காம யாரும் உக்காரக்கூடாதுன்னு கட்டுப்பாடு. ஒரு தரம் புடவை அவசரம்னு மாமியார் குளிக்காம வந்து கரைக்கு உக்காந்துட்டாங்க. மாமாதான் கூப்பிட்டாராம். அந்த மாசமே அவங்களுக்கு வாந்திபேதி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. அந்த வருஷம் ஊர்ல நிறைய பேருக்கு வந்த வியாதிதான். ஆனா மாமா மனசுல அது வேற கணக்கா பதிஞ்சுபோச்சு.

இதைக் கேட்டப்புறம் அவர் மேல கோபப்பட எனக்கு மனசு வரல. கட்டுப்பாடுன்னு அவர் சொல்றப்ப குரல்ல அதிகாரம் இருக்காது, பயம்தான் இருக்கும்.

இப்ப சென்னையில என் பெரிய மகன் வீட்டுல ஒரு வெள்ளை நாய் வளர்க்கறாங்க. அதுக்கு வாரத்துக்கு ஒரு குளியலா, மாசத்துக்கு ஒண்ணான்னு மருமகளுக்கும் பேத்திக்கும் போன ஞாயித்துக்கிழமை பெரிய தகராறு. தனி சோப்பு, தனி துண்டு, தலை துவட்ட ஒரு மெஷினு. "நீங்க சொல்லுங்க" அப்படின்னு என்கிட்ட வந்தாங்க. எனக்கு என்ன தெரியும்னு மழுப்பிட்டேன். அப்புறம் வாரம் முழுக்க மனசு கேக்கல. அதான் இந்த வாரம் இதை எழுதறேன்.

பட்டு மாதிரி

தாமல் ஏரிக்கரையில வளர்ந்த நாய் அது. அங்க தண்ணி வேணும்னா அதுவே இறங்கும், ஏறும், உதறிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். எங்க வீட்டுக் கிணத்தடியில விடியக்காலையில குடம் குடமா ஊத்தினா நடுங்கிக்கிட்டு நிக்கும். ஓடாது. குளிச்சா தறிக்குழிக்குப் போகலாம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அண்ணி சொல்வாங்க.

முதல்ல வெறும் தண்ணி, அப்புறம் சீயக்காய். தெனம் நனைஞ்சு நனைஞ்சு, மழைக்காலத்துல காயாம, ஈர நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுது. மாமா மூக்கைத் துண்டால மூடிக்கிட்டு நெய்தார். ஒரு நாள் பின்கட்டுல என் வீட்டுக்காரர் பட்டு வேகவெச்ச அண்டாவைக் கவுக்கப் போனப்ப மாமா அங்க நின்னுக்கிட்டு இருந்தார்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கச்சாப் பட்டு பார்க்க வைக்கோல் மாதிரி மொரமொரன்னு இருக்கும். மேல ஒரு பசை. சவுக்காரமும் சோடாவும் போட்டு வேகவெச்சா அந்தப் பசை போய், உள்ள இருக்கற மினுமினுப்பு வெளியில வரும். அந்தத் தண்ணியைத்தான் கீழ கொட்டிடுவோம்.

"அதைக் கொட்டாத" அப்படின்னு மாமா சொன்னார். அப்புறம் என்கிட்ட திரும்பி, "பட்டையே இந்த அழகாக்குற தண்ணி, நாய்க்கு ஆகாதா? ஆற வெச்சு ஊத்திப் பாக்கச் சொல்லும்மா."

அண்ணி முகம் மலர்ந்துச்சு. அதை நான் மறக்கவே மாட்டேன். அவங்க வந்து அத்தனை மாசத்துல, அவங்க நாய்க்குன்னு, அவங்களுக்குன்னு அப்பா சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. என் வாய் வழியா வந்தாலும் வார்த்தை அவரோடதுதானே.

முதல் கொஞ்ச நாள் சரிகை பளபளன்னு ஆயிடுச்சு. அந்த மஞ்சள் கோடு பேருக்கு ஏத்த மாதிரி மின்னுச்சு. தெருவுல ரெண்டு பேர் வந்து தொட்டுப் பார்த்துட்டு, "உங்க மாமனார் நாயையும் சாயத்துல போட்டுட்டாரா?" அப்படின்னு கிண்டல் பண்ணிட்டுப் போனாங்க. மாமா கேட்டும் கேக்காத மாதிரி உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டார்.

அப்புறம் சொறிய ஆரம்பிச்சுது. முடி கொத்துக் கொத்தா கையோட வந்துச்சு. புண்ணு வந்துச்சு, புண்ணால நாத்தம், நாத்தம் போக இன்னொரு குளியல், குளியலால இன்னும் புண்ணு. மஞ்சள் கோடு இருந்த எடமே தெரியல. தெருவுல பேச்சு மாறிப்போச்சு. தறி வீட்டுல சொறி நாயை வெச்சிருக்காங்க, வெறி புடிச்சதோ என்னவோ, முனிசிபாலிட்டி வண்டியில ஏத்திடுங்கன்னு எதிர் வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் அண்ணி நாயை ஒரு பழைய புடவையில சுத்தித் தூக்கிக்கிட்டு, "நீயும் வா, எனக்குப் பேச வராது" அப்படின்னு என்னை மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

டாக்டர் சொன்னது

டாக்டர் திட்டல. திட்டியிருந்தா தேவலாம்.

"நாய்த் தோல் மேல ஒரு எண்ணெய் இருக்கும்மா. அதுதான் அதுக்குச் சட்டை. நீங்க தெனமும் அதைக் கழட்டியிருக்கீங்க. நல்லா இருக்கற நாய்க்கே மாசத்துக்கு ஒரு வாட்டி போதும். இது ஆறுற வரைக்கும் பொட்டுத் தண்ணி படக்கூடாது. இன்னொரு வாட்டி அந்தச் சோடாத் தண்ணி பட்டுச்சுன்னா தூக்கிக்கிட்டு எங்கிட்ட வர வேண்டாம்."

ஒரு டப்பாவுல களிம்பு குடுத்தார். வர்ற வழியில அண்ணி நாயை மாரோட அணைச்சுக்கிட்டே நடந்தாங்க. ரங்கசாமி குளத்துப் பக்கம் நிழல்ல நின்னாங்க.

"பட்டு, புழுவை வேகவெச்சுக் கொன்னப்புறம் எடுக்கற நூலு. அது தாங்கும். இது உசுரோட இருக்குது. எனக்கு ஏன்டி தோணல?"

"மாமாவுக்கும்தான் தோணல, அண்ணி."

"அவரு என்னா பண்ணுவாரு. நல்லதுன்னுதான் சொன்னாரு." நாய் மேல புடவையை இழுத்துவிட்டு, "குளிக்காம உள்ள வுட மாட்டாரு. குளிச்சா இது செத்துடும். வெளியில கட்டினா வண்டிக்காரன் புடிச்சுக்கினு போய்டுவான். நீ போய்ச் சொல்லு. அதுக்கு அந்த வீட்டுல எடம் இல்லன்னா எனக்கும் இல்ல. பொங்கல் கழிஞ்சதும் ஆரணிக்கு, சின்னம்மா ஊட்டுக்குப் போய்டறேன். அங்கயும் தறி இருக்குது."

"ஒரு நாய்க்காகவா அண்ணி?"

"அந்த ஊட்டுலேருந்து நான் கெளம்பினப்ப, கூட வந்தது இது ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்து, மாமா எதிர்ல நின்னு, ஒரு வார்த்தை விடாம சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், ஆரணியையும் சொன்னேன். சோடாத் தண்ணின்னு சொன்னப்ப அவர் கை நாடாவுல அப்படியே நின்னுடுச்சு. அண்ணி கதவுக்கு அந்தப் பக்கம்தான் நாயோட உக்காந்திருந்தாங்க.

நான் முடிச்சதும் மாமா, "சரிம்மா" அப்படின்னார். சரின்னா எதுக்குச் சரின்னு எனக்குப் புரியல. திருப்பி அண்ணிகிட்ட சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

மார்கழி

அண்ணி அன்னிக்கே பின்கட்டுக் கொட்டாய்க்குப் போய்ட்டாங்க. விறகு அடுக்கற எடத்துல ஒரு கோரைப்பாய். நாய்க்குக் களிம்பு தடவறது, ஈ ஓட்டறது, அதோடவே படுத்துக்கறது. மார்கழிப் பனி. "உள்ள வந்து படுங்க அண்ணி" அப்படின்னு கெஞ்சிப் பார்த்தேன். "உள்ள வந்தா இது கத்தும்" அப்படின்னுட்டாங்க.

தறியில அவங்க எடத்துல நான் உக்காந்தேன். கரைக்கு நாடா தள்ளறது பார்க்கத்தான் சுலபம். நான் ஒண்ணு சீக்கிரம் தள்ளுவேன், இல்ல தாமதமா தள்ளுவேன். கரையும் உடம்பும் சேர்ற எடம் பல்லைக் காட்டுச்சு. மாமா ஒரு வார்த்தை கடிஞ்சுக்கல. அவுத்துட்டு மறுபடியும் நெய்தார். மறுபடியும் அவுத்தார். நடுவுல நடுவுல கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, பின்கட்டுப் பக்கம் காது குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பார். தறிக்குழியை எட்டிப் பார்ப்பார். அங்க ஒண்ணும் இருக்காது.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் வாயை விட்டுட்டார். "ஏன் நைனா, ஒரு நாய்க்காக அக்காவ அனுப்பப் போறியா?"

"ஒங்கம்மாவையும் நான்தான்டா கூப்பிட்டேன்" அப்படின்னார் மாமா. "குளிக்காம வான்னு நான்தான் கூப்பிட்டேன்."

அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் அந்தப் பேச்சை எடுக்கல. எனக்கு அழுகையா வந்துச்சு. மகளைப் போகச் சொல்லவும் அவருக்கு மனசு இல்ல, வான்னு கூப்பிடவும் தைரியம் இல்ல. அண்ணி துணிமணியை மடிச்சு மூட்டை கட்டி வெச்சுட்டாங்க. பொங்கல் நெருங்கிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு நாள் விடியக்காலையில கோலம் போட்டுட்டு, கை கழுவக் கிணத்தடிக்குப் போனேன். மாமா குளிச்சுக்கிட்டு இருந்தார். நல்ல பனி, கிணத்துக் கயிறு தொட்டா விறைச்சுப்போற குளிர். வழக்கம்போல குளிச்சு முடிச்சு, துண்டைப் பிழிஞ்சு தலை துவட்டி, நெத்தியில விபூதி பூசிக்கிட்டார். உள்ள போவார்னு ஒதுங்கி நின்னேன்.

போகல. கிணத்தைப் பார்த்துத் திரும்பி நின்னார். மறுபடியும் குடத்தை உள்ள விட்டார். இழுத்தார். விபூதியோட, துவட்டின தலையில, அப்படியே கவுத்துக்கிட்டார். இன்னொரு குடம். இன்னொண்ணு. உடம்பு உதறுது. வயசான உடம்பு, நெஞ்செலும்பு தெரியுது.

"என்னா மாமா இது, இப்பத்தானே குளிச்சீங்க?"

என் பக்கம் திரும்பவே இல்ல. சொட்டச் சொட்ட என்னைத் தாண்டி நடந்தார். நேரா கொட்டாய்க்குப் போனார். அண்ணி பாய்ல எழுந்து உக்காந்திருந்தாங்க, மடியில நாய். முதுகுல அங்கங்க பொடிசா புது முடி முளைச்சிருந்துச்சு. மாமாவைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் போனாங்க. அவர் கையைக் காட்டி உக்காரச் சொன்னார்.

வழக்கம்போல என்னைக் கூப்பிடுவார்னு ரெண்டடி பின்னாடியே போய் நின்னேன். அவர் கூப்பிடல.

"தனம்" அப்படின்னார்.

அண்ணி அவரையே பார்த்தாங்க.

"அதுக்கு ஊத்த வேண்டியதை நானே ஊத்திக்கினேன். இனிமே தெனமும் ஊத்திக்கிறேன். நீ குளிச்சிட்டு, அதை இட்டுக்கினு வந்து ஒக்காரு."

அண்ணி முகத்தை நாய் மேல புதைச்சுக்கிட்டாங்க. தோள் குலுங்குச்சு. தலையைத் தூக்காமலே, "இந்தப் பனியில எதுக்கு நைனா ரெண்டு தரம்? என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஊத்திக்கினு இருக்க மாட்டனா?" அப்படின்னாங்க.

மாமா தாடையில வழிஞ்ச தண்ணியைக் கையால வழிச்சுவிட்டார்.

"நீ ராவெல்லாம் இருமிக்கினு இருக்கிறியேம்மா" அப்படின்னார்.